சக்கர யாத்திரிகர் தாமஸ் ஸ்டீவன்ஸ்

உலகின் பல பாகங்களையும் கண்டு மீண்ட யாத்திரிகருள் பல வகையினர் உளர். அரசரது ஆணை பெற்றுச் சென்றோர் சிலர். வாணிகத்தின் பொருட்டுச் சென்றோர் பலர். தொண்டினை மேற்கொண்டு சென்றோரும் உளர். இவர்கட்கெல்லாம் கப்பலோ, குதிரையோ, ஒட்டகமோ ஊர்தியாய் அமைந்தது. அவ்வாறன்றித் தம் கால்களாலேயே உந்திச் செலுத்தும் துவிச்சக்கர வண்டியொன்றினை ஊர்தியாகக் கொண்டு, உலகத்தைச் சுற்றி வந்தோருள் முதல்வர் என்று போற்றப்படுபவர் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவராவர்.

இவரது துணிவினைப் பலரும் அறிவர். ஆயினும், இவர் தமியராய்ப் புறப்பட்டாரேயன்றித் தமியராய் முழு வழியும் செல்லவில்லை என்பதனைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. முன்பின் அறியாத மாந்தர் ஊருக்கு ஊர் இவருடன் வந்து சேர்ந்தனர். சிறிது தூரம் உடன் சென்றனர். பின்னர் விடைபெற்று மீண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பெயர் எவருக்கும் தெரியாது. அவர்கள் இலரேல் இந்த யாத்திரையும் இல்லை. ஆதலின் ஸ்டீவன்ஸ் சரிதத்தைச் சுருக்கி உரைக்குங்கால், அவ்வழித்துணைவரையும் உடன் நினைத்தல் முறையாகும்.

பிறப்பும் இளமையும்

ஸ்டீவன்ஸ் இங்கிலாந்து தேசத்தில் ஹார்ட்போர்டுஷயரிலுள்ள பெர்க்கம்ஸ்டெட் என்னும் ஊரில் 1854-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி பிறந்தார். குடும்பம் செல்வமுடையதன்று. ஊரிலிருந்த தர்மப் பள்ளியொன்றிற் சிறிது கல்வி கற்றபின், மளிகைக் கடையொன்றில் தொழில் பழகுமாறு விடப்பட்டார். 1871-ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்று மிஸ்ஸூரி நாட்டில் தங்கினார். பின்னர் மேற்றிசையிலுள்ள வயோமிங், கொலராடோ முதலிய இடங்களுக்குப் பெயர்ந்து, இரயில்வே சம்பந்தமான வேலைகளையும் சுரங்க வேலையையும் செய்து காலங் கழித்தார்.

இவ்வாறு கூலி வேலை செய்துவந்த காலத்திலேயே, துவிச்சக்கர வண்டியேறி அமெரிக்கக் கண்டத்தை ஒரு கடலினின்று மறு கடல் வரை கடக்க வேண்டும் என்னும் எண்ணம் இவர் உள்ளத்தில் உதித்தது. அவ்வெண்ணம் உதித்தபோது இவர் அவ்வண்டியை ஏறி ஓட்டவும் அறிந்திலர் என்பது வியக்கத்தக்கது. ஸான் பிரான்ஸிஸ்கோ நகரஞ் சென்று, வண்டியொன்றை விலைக்கு வாங்கி, அந்நகரத்துக் கோல்டன் கேட் பூங்காவில் ஏறி விழுந்தும், விழுந்து ஏறியும் பழகிக் கொண்டார். கற்றுத் தேர்ந்தபின் கருமந் தொடங்குவோர் உலகிற் பலர். கருமத்தை உறுதி செய்துகொண்டு அதன் பொருட்டுக் கற்போர் சிலரே. இவர் அச்சிலருள் ஒருவர்.

வண்டியின் இயல்பு

அக்காலத்து வண்டியின் அமைப்பினை இக்காலத்து மாணவர் அறிந்திருத்தல் அரிது. நாம் தினந்தோறும் காணும் வண்டியில் இரு சக்கரங்களும் ஒத்த அளவின. இடையே சங்கிலி ஒன்று ஓடுகின்றது. சக்கரத்தின் மேல் காற்றடைத்த ரப்பர் உளது. ஸ்டீவன்ஸ் ஏறிய வண்டியில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. முன்சக்கரம் மிகப் பெரியது. பின்சக்கரம் மிகச் சிறியது. பெரிய பென்னி நாணயத்தையும் சிறிய பார்த்திங் நாணயத்தையும் அருகருகே வைத்தாற்போன்ற தோற்றமுடைமையால், பிற்காலத்தார் அதனைப் பென்னி பார்த்திங் என்று வேடிக்கையாக வழங்கினர்.

இவர் கொண்டது போப் கம்பெனியார் செய்த கொலம்பியா என்னும் வண்டி. அதன் முன்சக்கரத்தின் குறுக்களவு 50 அங்குலம். மிதிகட்டைகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. ஆகவே, கால் ஒருமுறை சுற்றினாற் சக்கரமும் ஒரே முறை சுற்றும். வண்டி ஏறக்குறைய 13 அடி முன்னேறும். ஒரு மைல் செல்வதற்கு நானூறு சுற்றுக்களுக்கு மேல் வேண்டும். சக்கரத்தைச் சுற்றியிருந்த ரப்பர் கெட்டியானது. கல்லிற் பட்ட அதிர்ச்சியனைத்தும் ஏறியிருப்பவன் முதுகெலும்பிலேயே சென்று முடியும். ஆசனம் சக்கரத்தின் உச்சியில் இருந்தமையால், சிறு கல்லொன்று தடுத்தாலும் ஓட்டுபவன் தலைகீழாய் முன்னே வீழ்வான். ஓட்டுபவன் ஒருவனையன்றி மற்றொருவனை அது தாங்காது. இத்தகைய ஊர்தியில் ஒருவர் உலகத்தைச் சுற்றினாரெனின், அவருடைய உடலுறுதியை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

அமெரிக்காவைக் கடந்தமை

1884-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 22-ஆம் தேதி காலையில் ஸ்டீவன்ஸ் ஸான் பிரான்ஸிஸ்கோவினின்றும் புறப்பட்டார். கைப்பிடியில் மாட்டிய சிறு பையில் இருந்தவை சில காலுறைகளும், மாற்றுச் சட்டையொன்றும், கைத்துப்பாக்கியொன்றும், மழையங்கியொன்றுமே. அம்மழையங்கியே இரவிற் கூடாரமாகவும் படுக்கையாகவும் உதவியது.

சியரா நெவாடா மலைகளில் அப்பொழுது பனி கரையவில்லை. இரயில் பாதையைப் பனி மூடாதிருத்தற்பொருட்டு மரத்தாற் கூரை வேய்ந்து நெடுந்தூரம் கொட்டகைகள் அமைத்திருந்தனர். அவ்விருண்ட கொட்டகைகளினூடே வண்டியைத் தள்ளிக்கொண்டு இவர் நடந்தார். இரயில் வரும் ஓசை கேட்டவுடன் சுவரோடு ஒட்டி நிற்றல் வேண்டும். ஒருமுறை, பாலமொன்றின் நடுவிற் செல்லும்போது இரயில் எதிர்ப்பட்டது. ஒதுங்க இடமின்மையின், பாலத்துக் கட்டையொன்றின் விளிம்பைப் பற்றி, வண்டியையும் தாங்கிக்கொண்டு தொங்கி உயிர் தப்பினார். நெவாடாப் பாலைநிலத்தைக் கடந்தார். ராக்கி மலைகளைக் கடந்தார். வண்டிப் பாதையே இல்லாத இடங்கள் பல. மொத்த வழியில் மூன்றிலொரு பங்கு தூரம் வண்டியில் ஏறிச் செல்லவில்லை. வண்டியைத் தள்ளியும் சுமந்துமே சென்றார்.

மேற்றிசைப் பாழ்நிலங்களிலே துணையாவார் இலர். கீழ்த்திசையை நோக்கிச் செல்லச் செல்ல நிலைமை மாறியது. அமெரிக்கச் சக்கர வண்டியாளர் சங்கம் 1880-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றிருந்தது. நகரந்தோறும் இளைஞர் கழகங்கள் கூடி, நல்ல சாலைகள் வேண்டுமென்று கிளர்ச்சி செய்துவந்தனர். தம்மைப்போன்ற ஒருவன் மேல்கடலினின்று வருகின்றான் என்று கேட்டவுடன், அவ்விளைஞர் தம் வண்டிகளில் ஏறி ஊர்ப்புறஞ் சென்று எதிர்கொண்டழைத்தனர். தம் எல்லை வரை உடன் சென்று வழிகாட்டினர். இவ்வாறு ஒரு கழகத்தாரிடமிருந்து மற்றொரு கழகத்தாரிடம் ஒப்படைக்கப்பெற்றவர்போல் இவர் சென்று, 1884-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 4-ஆம் தேதி பாஸ்டன் நகரத்தை அடைந்தார். சென்ற தூரம் ஏறக்குறைய 3,700 மைல். துவிச்சக்கர வண்டியிற் கண்டத்தைக் கடந்தவர் இவருக்கு முன் எவரும் இலர்.

ஐரோப்பாவில் வழித்துணை

அவ்வாண்டுக் குளிர்காலத்தை நியூயார்க்கிற் கழிக்கும்போது, அவுட்டிங் என்னும் பத்திரிகையார் இவருடைய கட்டுரைகளை வெளியிட்டனர். பின்னர் அவர்களே இவரைத் தம் நிருபராக நியமித்து, உலகின் எஞ்சிய பாகத்தையும் சுற்றி வருமாறு அனுப்பினர். 1885-ஆம் ஆண்டு ஏப்ரலிற் கப்பலேறிய ஸ்டீவன்ஸ், லிவர்பூல் நகரில் இறங்கி, மே மாதத் தொடக்கத்தில் எட்ஜ் ஹில் ஆலயத்தின் முன்னிருந்து புறப்பட்டார். சில நூறு மக்கள் கூடி வழியனுப்பினர். அந்நகரத்துச் சக்கர வண்டியாளர் தம் வண்டிகளில் ஏறி ஊரெல்லை கடந்தும் உடன் வந்தனர்.

இங்கிலாந்தின் சாலைகளைக் கண்டு இவர் வியந்தார். அமெரிக்காவின் மேடுபள்ளங்களிற் பழகிய உடலுக்கு அச்சாலைகள் மெத்தைபோல் இருந்தன. அங்கே 1878-ஆம் ஆண்டிலேயே வண்டி யாத்திரிகர் சங்கம் தோன்றியிருந்தது. வண்டியாளர் தொகையும் பெரிது. பதினாறு வயதிலே வறியனாய்ப் பிரிந்த பெர்க்கம்ஸ்டெட்டின் வழியாக, முப்பது வயதிலே பலரும் அறிந்த யாத்திரிகராய் இவர் சென்றார். பின் நியூஹேவன் துறையிற் கப்பலேறி டியெப் துறையில் இறங்கி, பாரிஸ் மாநகரைக் கண்டு, அக்காலத்தில் ஜெர்மனியின் ஆட்சியிலிருந்த ஸ்ட்ராஸ்பூர்க் நகரையும், மியூனிக் நகரையும், வியன்னாவையும் கடந்து, ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டை அடைந்தார்.

இவ்விடத்தே இவருக்கு வாய்த்த துணையே யாத்திரை முழுவதிலும் சிறந்தது எனலாம். ஸ்வெத்தோஸார் இகாலி என்னும் ஹங்கேரிய வண்டியாளர் தாமும் உடன் வருவதாக முன்வந்தார். இருவரும் அதற்கு முன் ஒருவரையொருவர் கண்டவரல்லர். ஆங்கிலம் அவருக்கு வராது. அவர் மொழிகள் இவருக்கு வாரா. சைகையும், முகக் குறிப்பும், சிரிப்புமே அவர்களுக்குப் பொதுமொழியாயின. எனினும் டான்யூப் நதியின் மருங்கே அவ்விருவரும் பல நாட்கள் ஒன்றாகச் சென்றனர். அந்நாட்டு மக்களிடம் பேசி உணவும் உறையுளும் பெற்றுத் தருவது இகாலியின் பொறுப்பாயிற்று. மொழி அறியாத ஊரில் ஒருவன் நாவாய் நிற்பதினும் பெரிய உதவி யாது?

ஸெர்வியாவின் தலைநகராகிய பெல்கிரேடில் அவ்வூர் வண்டியாளர் இருவரையும் வரவேற்றனர். மீண்டும் புறப்பட்டபோது சிறிது தூரம் தாமும் உடன் வந்தனர். அப்பால் மலைவழி கடினமாயிற்று. மழையும் சேறும் மிகுந்தன. ஸெர்விய எல்லைக்குள்ளேயே இகாலி விடைபெற்றுத் தம் நாட்டுக்கு மீண்டார். கைகுலுக்கிப் பிரிந்த அவ்விருவரும் பேசிய சொற்கள் மிகச் சில. பேச்சு மிகுந்த நட்பினும் இத்தகைய நட்பு தாழ்ந்ததென்று கூற இயலுமோ?

துருக்கியிலும் பாரசீகத்திலும்

பல்கேரியாவைக் கடந்து, இப்பொழுது இஸ்தான்புல் என வழங்கும் கான்ஸ்டாண்டிநோபிள் நகரை ஸ்டீவன்ஸ் 1885-ஆம் ஆண்டுக் கோடையில் அடைந்தார். வண்டிக்கு வேண்டிய ஆரைகளையும் ரப்பரையும் அங்கே சேகரித்துக்கொண்டார். வழிப்பறிக் கள்வரைப் பற்றிய செய்திகள் வந்தவண்ணம் இருந்தமையால், முன்னையதினும் சிறந்த கைத்துப்பாக்கியொன்றும் வாங்கிக் கொண்டார். பின்னர் ஆசியா மைனருக்குள் புகுந்தார்.

இதற்கப்பால் வண்டியேறி உடன் வருவார் ஒருவரும் இலர். அவ்வூர்தியைக் கண்டாரே இலர். துணைவர் என்னும் சொல்லுக்கே இங்கே பொருள் வேறாயிற்று. சில இடங்களில் அரசாங்கத்தின் குதிரைக் காவலர் உடன் வந்தனர். சில இடங்களில் ஊர்ச் சிறுவர் அனைவரும் வண்டியின் பின்னே மூச்சு வாங்க ஓடிவந்தனர். இரவில் ஊரார் கூடி, இவ்விந்தையை ஓட்டிக் காட்டினாலன்றி விடுவதில்லை என்று சூழ்ந்துகொண்டனர். பகல் முழுதும் உழைத்துச் சோர்ந்தவருக்கு அது பெரும் தொல்லையே. ஆயினும் அதே ஊரார்தாம் இவருக்கு அப்பமும் தயிரும் அளித்துத் தம் பாயை விரித்துத் தந்தனர். கூர்திஸ்தானத்து மேய்ப்பர் கூடாரங்களிலும் இவருக்கு விருந்து கிடைத்தது. சீவாஸ், எர்ஸுரூம் முதலிய நகரங்களில் அமெரிக்க மிஷனரிமார் தம் இல்லங்களில் இவரை ஏற்று உபசரித்தனர்.

செப்டம்பர் இறுதியில் இவர் பாரசீகத் தலைநகராகிய தெஹரானை அடைந்தார். குளிர்காலம் நெருங்கியமையால், 1886-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை அங்கேயே தங்கினார். அக்காலத்துப் பாரசீக மன்னர் நாஸிருத்தீன் ஷா. இந்த விந்தை வண்டியைத் தாம் காண வேண்டுமென்று அவர் விரும்பினார். நகரத்திற்கு வெளியேயுள்ள தோஷான் தெப்பே என்னும் அரச மாளிகை வரை, மன்னரும் பரிவாரங்களும் செல்ல, அவர்களோடு ஸ்டீவன்ஸும் வண்டி ஏறிச் சென்றார். மளிகைக் கடையில் தொழில் பழகிய சிறுவன் மன்னரொருவர்க்கு வழித்துணையாய்ச் சென்ற அந்நாள், அவர் வாழ்வில் மறக்கவொண்ணாத நாள் ஆயிற்று.

அடைபட்ட வழி

1886-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி ஸ்டீவன்ஸ் மீண்டும் புறப்பட்டார். ரஷியாவின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் வழியாகச் சீனம் செல்லவேண்டும் என்பது இவர் கருத்து. ரஷிய அரசாங்கத்தார் அதற்கு இடந்தர மறுத்தனர். அதன் காரணம் விளங்காததன்று. 1885-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் பஞ்சதே என்னுமிடத்தில் ரஷியப் படைக்கும் ஆப்கானியப் படைக்கும் போர் மூண்டது. அதனால் ரஷியாவும் இங்கிலாந்தும் பெரும்போர் தொடங்குமோ என்று உலகம் அஞ்சியிருந்தது. அத்தகைய காலத்தில், குறிப்பெழுதிக்கொண்டு எல்லைப்புறத்தில் உலவும் ஆங்கிலேயன் ஒருவனை எவரும் ஐயுறுவர்.

வடக்கு வழி அடைபடவே, இவர் தெற்கு நோக்கித் திரும்பி, அனுமதியின்றி ஆப்கானிஸ்தானத்துள் நுழைந்தார். பரா என்னும் நகரிற் பிடிபட்டார். ஆப்கானிய அதிகாரிகள் இவருக்குத் தீங்கு செய்தாரல்லர். உணவளித்துக் காவலுடன் ஹேராத் பக்கம் கொண்டுசென்று, பாரசீக எல்லையிற் கொண்டுபோய் விட்டனர். இப்பயணத்தில் உடன் வந்த துணைவர் இவரது காவலரே. கடந்த வழியெல்லாம் வீணாயிற்று. காஸ்பியன் கடலைக் கடந்து, பாக்கூ, பாட்டூம் துறைகளின் வழியாக மீண்டும் கான்ஸ்டாண்டிநோபிளுக்கே வந்து சேர்ந்தார். ஓராண்டுக்கு முன் புறப்பட்ட அந்நகரத்துக்கே தோல்வியுடன் திரும்பிவந்த பிறகும் மனந்தளராது, கப்பலேறி இந்தியாவுக்கு வந்தமையே இவருடைய உறுதிக்குச் சிறந்த சான்று.

இந்தியா, சீனம், ஜப்பான்

இந்தியாவில் இவர் லாகூரினின்று கல்கத்தா வரை பெருஞ்சாலை வழியே சென்றார். ஷேர் ஷா என்னும் மன்னர் பதினாறாம் நூற்றாண்டிற் செப்பனிட்ட சாலை அது. ஆங்கிலேயர் காலத்திற் கங்கர்க் கல் பரப்பிக் கெட்டிசெய்யப் பெற்றது. அம்பாலா, டில்லி, ஆக்ரா, கான்பூர், அலகாபாத், காசி ஆகிய நகரங்கள் இவர் வழியில் அமைந்தன. ஆக்ராவில் தாஜ்மகாலைக் கண்டு இன்புற்றார். சாலையின் செவ்வியையும், இருமருங்கும் நின்ற நிழன்மரங்களையும் புகழ்ந்தார். வெப்பத்தையும் புழுக்கத்தையும் நொந்துகொண்டார்.

கல்கத்தாவினின்று கப்பலேறி ஹாங்காங் சென்று, காண்டன் நகரிலிருந்து வடக்கு நோக்கிச் சீனத்தினுள்ளே புகுந்தார். இங்கே வண்டி செல்லும் சாலை மிக அரிது. நெல்வயல்களின் வரப்புகளே வழி. சீனருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் 1884, 1885 ஆண்டுகளில் நிகழ்ந்த போரின் புண் அப்பொழுதும் ஆறவில்லை. வெள்ளையன் எவனாயினும் பகைவனே என்று மக்கள் கொதித்திருந்தனர். கியாங்ஸி மாகாணத்து நகரமொன்றில் பெருங்கூட்டம் இவரைச் சூழ்ந்து கல்லெறிந்தது. உயிர் போவது உறுதி என்னும் நிலையில், அவ்வூர் அதிகாரியின் சேவகர் இவரை அரணுக்குள் இழுத்துக் காத்தனர். பின்னர்ப் படகிலேற்றிக் காவலுடன் ஆற்றுவழியே அனுப்பினர். அச்சேவகர் இவரை அதற்கு முன் அறியார். இவரால் அவர்கட்கு ஆகவேண்டியதும் ஒன்றில்லை. கடமையின் பொருட்டே தம் ஊராரது சினத்தைத் தாம் ஏற்று நின்றனர்.

ஷாங்காயினின்று ஜப்பானுக்குச் சென்றார். நாகஸாகியிலிருந்து யோக்கஹாமா வரை உள்ள வழியே யாத்திரையின் இறுதிப் பகுதி. தூய சத்திரங்களும், இனிய மக்களும், செவ்விய சாலையும் சேர்ந்து, பட்ட துன்பங்களை மறக்கச் செய்தன. 1886-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி யோக்கஹாமாவில் வண்டியினின்றும் இறங்கினார். நிலத்தின்மேற் சென்ற தூரம் மொத்தம் 13,500 மைல் என்று கணக்கிட்டார். அவ்வண்டிச் சக்கரம் ஐம்பது லட்சம் முறைக்கு மேற் சுழன்றிருத்தல் வேண்டும். 1887-ஆம் ஆண்டு ஜனவரியில் ஸான் பிரான்ஸிஸ்கோ திரும்பியபோது, அந்நகரத்தார் இவரைப் பெருஞ்சிறப்புடன் வரவேற்றனர்.

பிற்கால வாழ்வு

தமது யாத்திரையை ஸ்டீவன்ஸ் இரண்டு பெரும் புத்தகங்களாக 1887, 1888 ஆண்டுகளில் வெளியிட்டார். 1889-ஆம் ஆண்டில் நியூயார்க் பத்திரிகையொன்றின் சார்பாகக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று, ஸ்டான்லி என்னும் யாத்திரிகரைத் தேடினார். 1890-ஆம் ஆண்டிற் குதிரையேறி ரஷியாவின் ஊடே சென்று, அதனையும் நூலாக்கினார். பின்னர் இங்கிலாந்து திரும்பி, மணம் புரிந்து, லண்டன் காரிக் நாடக அரங்கின் காரியஸ்தராய் அமைதியுடன் வாழ்ந்தார். 1935-ஆம் ஆண்டு ஜனவரி 24-ஆம் தேதி லண்டனில் காலமானார். இவர் ஏறிய வண்டியை நெடுங்காலம் பாதுகாத்து வைத்திருந்தனர். இரண்டாம் உலகப் போரில் பழைய இரும்பு திரட்டியபோது அதனையும் கொடுத்துவிட்டனர். உலகைச் சுற்றிய அச்சக்கரம் இப்பொழுது எங்கும் இல்லை.

இவர் பின் சென்றோர்

இவரது நூல்கள் பல இளைஞரைத் தூண்டின. ஆலன், ஸாக்ட்லெபன் என்னும் இருவர், அமெரிக்காவில் ஸெயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையிற் பட்டம் பெற்ற மறுநாளே, 1890-ஆம் ஆண்டு ஜூனில் உலக யாத்திரைக்குப் புறப்பட்டனர். அவர்களிடம் இருந்தது புதுவகை வண்டி. இருவரும் அராரத் மலையுச்சியில் ஏறினர். ஆசியாவைக் கடந்து சீனம் அடைந்தனர். 1893-ஆம் ஆண்டில் ஊர் மீண்டனர்.

பிராங்க் லென்ஸ் என்பவர் அங்ஙனம் மீண்டிலர். பிட்ஸ்பர்க் நகரத்தினராகிய அவரையும் 1892-ஆம் ஆண்டில் அவுட்டிங் பத்திரிகையே அனுப்பியது. தமியராய் அமெரிக்காவையும், ஜப்பானையும், சீனத்தையும், இந்தியாவையும், பாரசீகத்தையும் கடந்து துருக்கி நாட்டுள் வந்தவர், 1894-ஆம் ஆண்டு மே மாதத்தில் எர்ஸுரூம் நகரத்திற்கு அணித்தே கொலையுண்டார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஸ்டீவன்ஸ் அப்பமும் தயிரும் உண்ட அதே நாட்டில் இது நிகழ்ந்தது. முன்னம் உலகைச் சுற்றி மீண்ட ஸாக்ட்லெபன், 1895-ஆம் ஆண்டில் மீண்டும் அங்கே சென்று, லென்ஸ் இறந்த வரலாற்றைத் துருவி ஆராய்ந்தார். தம்மைப்போல் வண்டியேறிப் புறப்பட்ட ஒருவன் வீடு திரும்பவில்லை என்பதே அவரை அத்தனை தூரம் செலுத்தியது.

நாம் அறியற்பாலது

லென்ஸின் முடிவினை நினைக்குங்கால், ஸ்டீவன்ஸ் பெற்ற வழித்துணையின் மதிப்பு நன்கு விளங்கும். அவர் துப்பாக்கி ஏந்திச் சென்றார் என்பது உண்மையே. அதனை உருவிக் காட்ட நேர்ந்த வேளைகளும் உண்டு. ஆயினும் அவரைக் காத்தது அத்துப்பாக்கியன்று. பெயர் தெரியாத மேய்ப்பனும், ஊர்க் காவலனும், சீனச் சேவகனும், இகாலியைப் போன்ற அன்பருமே அவரைக் காத்தனர்.

மறைக்காமற் கூறவேண்டிய குறையொன்றும் உண்டு. ஸ்டீவன்ஸ் தம் நூல்களில், தமக்கு உணவளித்த கீழ்த்திசை மக்களைப் பல இடங்களில் ஏளனமாகவே எழுதியுள்ளார். அவர்களது ஆவலை அறியாமை என்றார். வழக்கங்களைக் கண்டு நகைத்தார். ஆளும் இனத்தாருக்கு அக்காலத்தே இயல்பாயிருந்த செருக்கு அவரையும் விட்டிலது. கால்கள் உலகைச் சுற்றிய அளவிற்கு உள்ளமும் சுற்றி வருதல் எளிதன்று என்பதற்கு இது சான்று. அவருடைய பொறுமையையும் உறுதியையும் நாம் மேற்கொள்ளலாம். செருக்கினை அவர் காலத்தோடு விட்டுவிடலாம்.

மாணவ அன்பர்களே, கல்லூரி வாழ்வும் ஒரு நெடும்பயணமே. ஈண்டு நம்முடன் அமர்ந்து கற்போர் பலர், நாம் தேர்ந்துகொண்டவர் அல்லர். வழியிலே வந்து சேர்ந்தவர். சிலர் ஓராண்டு உடன் வருவர்; சிலர் நான்காண்டு வருவர்; பின்னர்த் தத்தம் எல்லையில் விடைபெறுவர். அவர்களுள் மொழி வேறாயினாரும், வழக்கம் வேறாயினாரும் இருப்பர். நம் வண்டி கவிழ்ந்தபோது கைகொடுத்தவன் பெயரைப் பின்னொரு நாளில் நாம் மறந்துவிடலாம். பிறன் வண்டி கவிழக் காணும்போது இறங்கிக் கைகொடுக்க மட்டும் மறவாதிருப்போமாக.